சாவி யெர்கோவிடம்

மருந்துக்கடைப் பெண்
ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்:
செவ்வாய், ஏழரை. டயர் கடைக்குப் பின்னால். பச்சைக் கதவு.
முன்பக்கத்தில் இருமல் மருந்து நான்கு பாட்டில்களின் விலை.
இருமலுக்காக நான் அதை வாங்கவில்லை என்பது
அவளுக்குத் தெரிந்திருந்தது.

முதல் செவ்வாய் அந்தத் தெருவை மூன்று முறை சுற்றினேன்.
டயர் வாங்க வந்தவன்போல் நின்று பார்த்தேன்.
கடைக்காரர் விலைகூடச் சொன்னார்.
என்னிடம் வண்டி கிடையாது.

இரண்டாம் செவ்வாய் கதவு வரை.
உள்ளே யாரோ சிரித்தார்கள்.
சிரிக்கிறவர்களிடம் போய் என்னத்தைச் சொல்வது?
புந்தா அரேனாசில் காற்று
நடக்கிறவனைத் தூக்கி எதிர்த்தெருவில் வைக்கும்.
சதுக்கத்தின் ஓரமாகக் கயிறு கட்டிவைப்பார்கள்,
பிடித்துக்கொண்டு போக.
அன்று அந்தக் கயிற்றைப் பிடித்தபடியே
மதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.
யார் எங்கே போகிறான் என்று கயிறு கேட்பதில்லை.

மூன்றாம் செவ்வாய் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தபோது
உள்ளிருந்து திறந்தவன் யெர்கோ மன்சீயா.
ஆறு வருடம் முன்னால்
அவன் படகிலிருந்து ரேடியோவைக் கழற்றி விற்றவன் நான்.
அவனுக்கும் தெரியும்.
'தள்ளணும், இழுக்கக் கூடாது' என்றான்,
கதவைப் பற்றி.

கேஸ் அடுப்பைச் சுற்றி ஐந்து பேர்.
நண்டுத் தொழிற்சாலையின் எதுவினா,
விரலெல்லாம் ஓடு கீறிய தழும்பு:
'நேற்று குடிச்சேன். இன்னைக்கு இன்னும் இல்லை.'
'மணி எட்டுகூட ஆகலையே' என்று ஒருவன் சொல்ல
எல்லோரும் சிரித்தார்கள்,
எல்லோரையும்விடச் சத்தமாக எதுவினா.
ஓ, இந்தச் சிரிப்பா அது.
பவுதீலியோ, முப்பது வருடம் ஆட்டுப்பண்ணையில் தனியாக;
தன் காதில் பேசுகிற குரல்களுக்கும்
ஒரு நாற்காலி போடச் சொல்வார்.
போட்டிருந்தார்கள்.

என் முறை வந்தது.
பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.
போதும் என்று தேநீரை நகர்த்தினார்கள்.

ஒன்பதாவது செவ்வாய் கதவு பூட்டியிருந்தது.
ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஜூன்.
சாவி யெர்கோவிடம்.
போன் அடித்தது, அடித்தது, நின்றது.
சுவரோடு ஒட்டி நின்றோம்.
எல்லோருக்கும் தெரிந்ததை ஒருவரும் சொல்லவில்லை.
'வீட்டில்தான் இருக்கான்' என்றார் பவுதீலியோ.
'குரல் சொல்லுதா?'
'இல்லை. அவன் வீட்டு விளக்கு இங்கேயிருந்தே தெரியுது.'

மேட்டுத் தெருவில் கயிறு கிடையாது.
எதுவினாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டேன்,
என் கோட்டை வேறு யாரோ.
அவன் கதவைத் தள்ளினேன்.
தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
அது இழுக்கிற கதவு.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தான்.
பாட்டிலில் பாதி.
'போங்க' என்றான்.
எதுவினா கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.
பாட்டிலை யாரும் கொட்டவில்லை;
பவுதீலியோ தன் தொப்பியைக் கழற்றி
அதன்மேல் கவிழ்த்தார்.
இருந்தது இரண்டே நாற்காலி.
ஒன்று குரல்களுக்கு.
இன்னொன்றில் யாரும் உட்காரவில்லை.
எல்லோரும் தரையில்.

'ஏழரை தாண்டிடுச்சு, ஆரம்பிக்கலாமா?'
யாரும் ஆரம்பிக்கவில்லை.
தகரக்கூரையைக் காற்று பிய்த்துக்கொண்டிருந்தது.
எதற்கு என்று தெரியாமல் நான் சொன்னேன்:
'உன் ரேடியோவை எடுத்தது நான்தான்.'

ரொம்ப நேரம் கழித்து,
'எவ்வளவு கொடுத்தான்?'
'நாற்பதாயிரம் பெசோ.'
'ஏமாந்துட்டே' என்றான் யெர்கோ.
கெட்டில் கூவியது.
யாரும் உடனே எழுந்து போய் அணைக்கவில்லை.

என் கோட்டுப் பையில் சாவியைப் போட்டிருக்கிறான் என்பது
பஸ்ஸில் டிக்கெட்டுக்குத் துழாவும்போதுதான் தெரிந்தது.
ஒரே வளையத்தில் இரண்டு சாவி.
ஒன்று பச்சைக் கதவுக்கு.
மற்றது எதற்கென்று
அவனிடம் கேட்க வேண்டும்,
செவ்வாய்க்கிழமை.